மார்சேல்ஸ் கரையில் பிடிபட்டவரும் ஹேக் நகரில் தீர்ப்பு எழுதியவரும்
பிரான்சு நாட்டு சட்ட ஆலோசகர் லூயி ரெனோவின் வாழ்க்கை

வண்டூர்:

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டூர் கடற்கரைக்குப் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. கட்டிட வேலைக்கு வந்தவர்கள், படகுத் துறையில் வேலை பார்ப்பவர்கள், அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள் என்று நம்மவர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். போர்ட் பிளேர் என்று நாம் சொல்லிப் பழகிய தலைநகருக்கு 2024-ம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து வண்டூருக்குப் பஸ் வருகிறது. ஊரில் இருந்து உறவினர்கள் வந்தால் காலையில் செல்லுலார் ஜெயிலைக் காட்டிவிட்டு, மாலையில் வண்டூர் கடலைக் காட்டுவது நம்மவர்களின் வழக்கம்.

அப்படி வந்த ஒரு இளைஞர், கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி கேட்டார். வீர சாவர்க்கர் கப்பலில் இருந்து கடலில் குதித்து, பிரான்சு நாட்டுக் கரைக்கு நீந்திப் போனார் என்று காலையில் ஜெயிலில் சொன்னார்கள். பிரான்சு இங்கிலாந்துக்குச் சொந்தமான நாடு அல்லவே. அந்த மண்ணில் கால் வைத்த பிறகு அவரை எப்படிப் பிடித்துக் கொண்டு போனார்கள் என்பதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியை அந்தக் காலத்தில் பிரான்சு நாடே கேட்டது. அதற்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் கூடியது. அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த 5 பேரில் ஒருவர், பிரான்சு நாட்டு வெளிவிவகார இலாகாவின் தலைமைச் சட்ட ஆலோசகர். சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் பெயர் லூயி ரெனோ.

அந்தமான் சிறையோடு தொடர்பு கொண்ட அந்தப் பெரிய மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்து கொண்டால் இளைஞரின் கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிடும்.

கார் செய்தவர் அல்ல

முதலில் ஒரு விளக்கம். ரெனோ என்று பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிக்கும் பெயரைத்தான் நாம் ரெனால்ட் என்று சொல்கிறோம். சென்னைக்கு அருகே ஒரகடம் தொழிற்சாலையில் செய்த ரெனால்ட் கார்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கார் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெயரும் லூயி ரெனோதான். ஆனால் அவர் வேறு, இவர் வேறு. கார்க்காரர் பிறந்தது 1877-ல். நம் கதாநாயகர் அவருக்கு 34 ஆண்டு மூத்தவர்.

சட்ட அறிஞர் லூயி ரெனோ 1843-ம் ஆண்டு மே மாதம் 21-ந்தேதி பிரான்சின் கிழக்குப் பகுதியில், பர்கண்டி வட்டாரத்தில் உள்ள ஓட்டன் என்ற பழைய ஊரில் பிறந்தார். பள்ளியில் தத்துவம், கணக்கு, இலக்கியம் ஆகிய மூன்றிலும் பரிசு வாங்கிய மாணவர். இலக்கியத்தில் பட்டம் பெற்றுவிட்டு, 1861-ல் சட்டம் படிக்கத் தலைநகர் பாரீசுக்குப் போனார். 7 ஆண்டுகள் படித்து, மிக உயர்ந்த சிறப்புடன் தேறினார்.

1868-ல் டிஜோன் நகரக் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. ரோமானியச் சட்டமும் வியாபாரச் சட்டமும் அவர் நடத்திய பாடங்கள். 1873-ல் பாரீஸ் சட்டக் கல்லூரிக்கு மாறினார்.

தானாக வந்த பாடம்

பாரீசில் அவர் கிரிமினல் சட்டம் நடத்திக் கொண்டிருந்தார். 1874-ல் சர்வதேசச் சட்டப் பேராசிரியர் இடம் காலியாயிற்று. தற்காலிகமாக அதைப் பார்த்துக் கொள்ளும்படி ரெனோவிடம் சொன்னார்கள். அவருக்கு அதில் விருப்பம் இல்லை. தயங்கித் தயங்கித்தான் ஏற்றுக் கொண்டார். ஆனால் அதுவே அவருடைய வாழ்நாள் வேலையாக ஆகிவிட்டது. 1881-ல் அந்த இடம் அவருக்கு நிரந்தரமாயிற்று.

அந்தக் காலத்தில் சர்வதேசச் சட்டம் என்றால் பலர் சிரித்தார்கள். பலம் உள்ள நாடு எதை வேண்டுமானாலும் செய்யும், அதற்குச் சட்டம் எதற்கு என்று கேட்டார்கள். ரெனோ வாதம் செய்து நேரத்தைக் கழிக்கவில்லை. தபால், தந்தி, கப்பல், வியாபாரம், புத்தக உரிமை என்று நாடுகள் ஏற்கனவே எந்த எந்த விஷயங்களில் ஒத்துப் போகின்றன என்று பார்த்தார். சிறிய விஷயங்களில் ஒப்பந்தம் செய்து பழகினால் பெரிய விஷயங்களிலும் பழகுவார்கள் என்பது அவர் நம்பிக்கை.

கடலுக்கு அடியில் போடும் தந்திக் கம்பி ஓர் உதாரணம். நடுக்கடலில் அதை யாராவது அறுத்தால் எந்த நாட்டுப் போலீஸ் பிடிப்பது? இதற்காக 1884-ல் பாரீசில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அந்தப் பிரச்சினையைப் பற்றி ரெனோ எழுதியிருக்கிறார். 2020-ம் ஆண்டில் சென்னையில் இருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கடலடிக் கேபிள் வந்தது. இன்று நாம் வீட்டோடு தடையில்லாமல் பேசுவதற்கு அந்தக் கேபிள்தான் காரணம். இத்தகைய கேபிளுக்குப் பாதுகாப்பு தேடும் சட்டம் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

வெளிவிவகார இலாகாவில்

பாரீஸ் நகரில் செய்ன் நதிக்கரையில் கே தோர்சே என்ற இடத்தில் பிரான்சின் வெளிவிவகார இலாகா இருக்கிறது. 1890-ல் அங்கே சட்ட ஆலோசகர் பதவிக்கு ரெனோவை நியமித்தார்கள். அப்போது அவருக்கு வயது 47. கல்லூரி வேலையையும் அவர் விடவில்லை. சாகும் வரை இரண்டையும் பார்த்தார்.

இந்தப் பதவியில் இருப்பவருக்கு என்ன வேலை? மந்திரி பேசுவார். தூதர் விருந்துக்குப் போவார். சட்ட ஆலோசகர் பெயர் பத்திரிகையில் வராது. ஆனால் மந்திரி கையெழுத்துப் போடும் ஒவ்வொரு உடன்படிக்கையையும் முதலில் வரி வரியாகப் படிப்பவர் அவர். ஒரு வார்த்தை இந்தப் பக்கம் இருந்தால் நாட்டுக்கு என்ன லாபம், அந்தப் பக்கம் இருந்தால் என்ன நஷ்டம் என்று பார்ப்பவர் அவர். நம் ஆள் வெளிநாட்டில் கைதானால் என்ன செய்யலாம், வெளிநாட்டான் நம் மண்ணில் அடைக்கலம் கேட்டால் கொடுக்கலாமா, ஓடி வந்த குற்றவாளியை ஒப்படைக்க வேண்டுமா, நம் கப்பலைப் பிடித்தால் எந்த வழியில் கேட்பது என்பதற்கெல்லாம் குறிப்பு எழுதுபவர் அவர்.

அவர் சொல்வதை மந்திரி கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சட்டப்படி முடியாது என்று அவர் எழுதினாலும், அரசியல் காரணத்துக்காக அரசாங்கம் செய்யலாம். ஆனால் முடியாது என்று எழுதிய காகிதம் கோப்பில் இருக்கும். பல நேரங்களில் அந்தக் காகிதத்துக்குப் பயந்தே அரசாங்கங்கள் தவறு செய்யாமல் நிற்கின்றன.

ரெனோ வந்த பிறகு, சர்வதேசச் சட்டத்தில் பிரான்சு அரசாங்கம் யாரைக் கேட்பது என்ற சந்தேகமே இல்லாமல் போயிற்று. மந்திரிகள் அடிக்கடி மாறினார்கள். ரெனோ மாறவில்லை. 1903-ல் அவருக்குத் தூதர் அந்தஸ்தும் கொடுத்தார்கள்.

கடலுக்குச் சட்டம்

1899-ம் ஆண்டு மே மாதம் நெதர்லாந்து நாட்டு ஹேக் நகரில் ஒரு பெரிய மாநாடு கூடியது. 26 நாடுகள் கலந்து கொண்டன. சண்டையைக் குறைப்பது, சண்டை வந்தாலும் அதற்கு வரம்பு கட்டுவது என்பது நோக்கம். பிரான்சின் பிரதிநிதிகளோடு ரெனோவும் போனார்.

அந்த மாநாட்டில் அவர் செய்த வேலைகளில் ஒன்று கடலை நம்பிப் பிழைப்பவர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது. தரையில் நடக்கும் போரில் காயம் அடைந்தவர்களைக் காப்பாற்ற 1864-லேயே செஞ்சிலுவை உடன்படிக்கை வந்துவிட்டது. கடலில் நடக்கும் போருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கப்பல் மூழ்கினால் தண்ணீரில் தத்தளிப்பவனை யாரும் தூக்கலாம், தூக்காமல் போகலாம். அந்தக் குறையைப் போக்கும் உடன்படிக்கைக்கு மாநாட்டில் அறிக்கை எழுதியவர் ரெனோ. ஆஸ்பத்திரிக் கப்பலைத் தாக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது என்று விதி வந்தது. தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும் என்பதற்காக அதற்கு வெள்ளைப் பெயிண்டு அடித்து, அதன் மேல் சுமார் ஒன்றரை மீட்டர் அகலத்தில் குறுக்குப் பட்டை போட வேண்டும். ராணுவத்தின் கப்பல் என்றால் பச்சைப் பட்டை. தொண்டு நிறுவனத்தின் கப்பல் என்றால் சிவப்புப் பட்டை.

நாடுகளின் தகராறுகளைத் தீர்க்க ஹேக் நகரில் நிரந்தர நடுவர் மன்றம் அமைப்பது என்று முடிவானதும் அந்த மாநாட்டில்தான். பெயர்தான் நிரந்தரம். நீதிபதிகள் அங்கே எப்போதும் உட்கார்ந்திருப்பதில்லை. நடுவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. இரண்டு நாடுகள் வழக்கோடு வந்தால் அந்தப் பட்டியலில் இருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம்.

1907-ல் இரண்டாவது ஹேக் மாநாடு நடந்தது. இந்த முறை 44 நாடுகள். முன்னறிவிப்பு இல்லாமல் போர் தொடங்கக் கூடாது என்ற விதி வந்தது. இங்கும் வாசகங்களை எழுதிச் செப்பனிடும் வேலை பெரும்பாலும் ரெனோ தலையில்தான் விழுந்தது. பல நாட்டார் பல விதமாகப் பேசியதைக் கேட்டு, எல்லோரும் ஒப்புக் கொள்ளும்படி ஒரு வாசகம் எழுதுவதில் அவருக்கு இணை இல்லை என்று பெயர் வாங்கினார்.

அந்த ஆண்டே அவருக்கு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இத்தாலி நாட்டுப் பத்திரிகையாளர் மொனேட்டாவும் அவரும் அதைப் பகிர்ந்து கொண்டார்கள்.

நடுவர் நாற்காலி

இப்போது கதையின் முக்கிய இடத்துக்கு வருகிறோம். ஹேக் நடுவர் மன்றத்துக்கு வழக்குகள் வரத் தொடங்கியதும், நாடுகள் ரெனோவை நடுவராகக் கேட்டன. 1905-ல் ஜப்பான் சம்பந்தப்பட்ட வீட்டு வரி வழக்கில் அவர் நடுவர். 1909-ல் காசாபிளாங்கா வழக்கிலும் அவர் நடுவர்.

காசாபிளாங்கா வழக்கைச் சற்று கவனிக்க வேண்டும். மொராக்கோ நாட்டுத் துறைமுகமான காசாபிளாங்காவில் 1908-ல் பிரெஞ்சுப் படையில் இருந்து 6 பேர் ஓடிப் போனார்கள். அவர்களில் 3 பேர் ஜெர்மானியர்கள். ஜெர்மன் தூதரகம் அவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பப் பார்த்தது. பிரெஞ்சு வீரர்கள் பலாத்காரமாக அவர்களைப் பிடித்தார்கள். இரு நாடுகளுக்கும் போர் மூளும் என்ற நிலை வந்தது. வழக்கு ஹேக் நகருக்குப் போயிற்று. பிரான்சு தன் சட்ட ஆலோசகர் ரெனோவை நடுவராகப் போட்டது. ஜெர்மனி தன் வெளிவிவகார இலாகாவின் சட்டத் தலைவர் கிரீகேயைப் போட்டது. அவர்களோடு மற்ற நாட்டார் மூவர். இரண்டு பக்கமும் தவறு இருக்கிறது, ஆனாலும் பிடித்த ஜெர்மானியர்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. போர் மூளாமல் போயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள்.

தவறு நடந்தது உண்மை, ஆனால் ஆளைத் திருப்ப வேண்டாம். இந்த முடிவை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும்.

மார்சேல்ஸ் துறைமுகம்

லண்டனில் சட்டம் படித்துக் கொண்டு, இந்திய விடுதலைக்காக ரகசிய வேலைகளிலும் ஈடுபட்டிருந்தார் விநாயக தாமோதர சாவர்க்கர். நம் வ.வே.சு. ஐயர் அவருடைய நெருங்கிய தோழர். 1910-ம் ஆண்டு மார்ச் 13-ந்தேதி பாரீசில் இருந்து லண்டன் திரும்பிய சாவர்க்கரை விக்டோரியா ரெயில் நிலையத்திலேயே போலீசார் கைது செய்தார்கள். பம்பாயில் விசாரணை நடத்துவதற்காக ஜூலை 1-ந்தேதி மோரியா என்ற கப்பலில் ஏற்றினார்கள்.

ஜூலை 7-ந்தேதி கப்பல் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் நின்றது. மறுநாள் காலை சாவர்க்கர் கழிவறைச் சாளரத்தின் வழியே உடலை நுழைத்துக் கடலில் குதித்தார். நீந்திக் கரை ஏறினார். பின்னால் துரத்தி வந்தார்கள். கரையில் நின்ற பிரெஞ்சுப் போலீஸ்காரர் அவரைப் பிடித்தார். கப்பல் சிப்பந்தி ஒருவன் ஏதோ குற்றம் செய்துவிட்டு ஓடுகிறான் என்று அவர் நினைத்துக் கொண்டார். மேல் அதிகாரி யாரையும் கேட்கவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போகவும் இல்லை. சில நிமிஷங்களில் சாவர்க்கர் மீண்டும் கப்பலில் இருந்தார். 9-ந்தேதி கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது.

விஷயம் வெளியே தெரிந்ததும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் கொதித்தன. சோஷலிஸ்டுத் தலைவர் ஜான் ஜோரேஸ் நடத்திய லூமானிதே பத்திரிகை இதைப் பெரிதாக எழுப்பியது. கார்ல் மார்க்சின் பேரன் ஜான் லோங்கே சாவர்க்கருக்காக வாதாடினார். அரசியல் காரணத்துக்காகத் தப்பி வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது பிரான்சின் பழைய பெருமை. ஒருவரை வேறு நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்றால் அதற்கென்று முறை இருக்கிறது. அந்த முறை எதுவும் இல்லாமல் ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தது செல்லாது, சாவர்க்கரைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிரான்சு அரசாங்கம் இங்கிலாந்தைக் கேட்டது. இங்கிலாந்து மறுத்தது. இரு நாடுகளும் 1910 அக்டோபர் 25-ந்தேதி ஒப்பந்தம் செய்து கொண்டு ஹேக் மன்றத்துக்குப் போயின.

மன்றம் கூடும் வரை பம்பாய் காத்திருக்கவில்லை. 1910 டிசம்பரில் ஒரு வழக்கிலும், 1911 ஜனவரியில் இன்னொரு வழக்கிலும் சாவர்க்கருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார்கள். இரண்டும் சேர்ந்து 50 ஆண்டுகள்.

ஐந்து பேரின் தீர்ப்பு

நடுவர்கள் 5 பேர். பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் பெர்னார்ட் தலைவர். அவரும் 1909-ல் சமாதான நோபல் பரிசு பெற்றவர். பிரான்சுக்கு ரெனோ. இங்கிலாந்துக்கு டெசார்ட் பிரபு. நார்வேக்காரர் ஒருவர், நெதர்லாந்துக்காரர் ஒருவர். பிரான்சின் சார்பில் வழக்கை நடத்தியவர் பேராசிரியர் ஆந்திரே வெய்ஸ். அவர் வெளிவிவகார இலாகாவில் ரெனோவுக்கு அடுத்த சட்ட ஆலோசகர். அதாவது, உதவியாளர் வாதாடுகிறார், அவருடைய மேலதிகாரி நீதிபதியாக உட்கார்ந்து கேட்கிறார். இன்றைக்கு இப்படி நடந்தால் எல்லோரும் ஆட்சேபிப்பார்கள். அந்தக் காலத்தில் அதுவே வழக்கமாக இருந்தது.

சாவர்க்கர் இந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல. வழக்கு இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே. தான் எப்படிப் பிடிபட்டேன் என்று சொல்ல அவருக்கு அங்கே இடம் இல்லை. அவருக்கென்று ஒரு வக்கீலும் இல்லை.

1911 பிப்ரவரி 14-ந்தேதி மன்றம் கூடியது. பத்தே நாளில், 24-ந்தேதி, தீர்ப்பு வந்தது. சாவர்க்கரை இங்கிலாந்து திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

மன்றம் சொன்ன காரணங்கள் இவை. கப்பல் வருவதற்கு முன்பே லண்டன் போலீஸ் பாரீஸ் போலீசுக்குக் கடிதம் எழுதியிருந்தது. கைதி தப்பாமல் பார்த்துக் கொள்ள மார்சேல்ஸ் போலீசுக்கு உத்தரவு இருந்தது. பிடித்தவர் பிரெஞ்சுப் போலீஸ்காரர். இங்கிலாந்துக்காரர்கள் ஏமாற்றவும் இல்லை, பலாத்காரம் செய்யவும் இல்லை. கப்பல் மறுநாள் வரை துறைமுகத்தில் நின்றும் பிரெஞ்சு அதிகாரிகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. பிடித்துக் கொடுத்த விதத்தில் முறைகேடு இருந்தது உண்மை. ஆனால் வேறு நாட்டுப் போலீஸ்காரர் செய்த தவறுக்காக, கையில் இருக்கும் கைதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சர்வதேசச் சட்டத்தில் விதி எதுவும் இல்லை.

இளைஞரின் கேள்விக்குப் பதில் இதுதான். பிடித்துக் கொடுத்தது முறைகேடு. முறைகேடு என்று மன்றமே ஒப்புக் கொண்டது. ஒப்புக் கொண்ட பிறகும் அதைச் சரி செய்ய விதி இல்லை என்று விட்டுவிட்டது.

1911 ஜூலை 4-ந்தேதி மகாராஜா என்ற கப்பலில் சாவர்க்கர் அந்தமானுக்கு வந்து சேர்ந்தார். பத்து ஆண்டுகள் செல்லுலார் ஜெயிலில் இருந்து, 1921-ல் தாய்நாட்டுச் சிறைக்கு மாறினார். அவர் எழுதிய மனுக்கள் பற்றியும், பின்னாளில் அவர் நடத்திய அரசியல் பற்றியும் நாட்டில் பலத்த கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விஷயம். மார்சேல்ஸ் கரையில் அவருக்கு நடந்தது நியாயமா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ரெனோவின் பங்கு

அந்தத் தீர்ப்பில் ரெனோவின் பங்கு என்ன? நடுவர்களின் ஆலோசனை ரகசியம். தீர்ப்பு மன்றத்தின் பெயரால்தான் வெளிவரும். யார் என்ன பேசினார் என்பதை வெளியிடுவதில்லை.

அவர் பக்கம் ஒரு நியாயம் சொல்லலாம். சொந்த நாடு கேட்டது கிடைக்காத ஒரு தீர்ப்பு, சொந்த நாட்டின் சட்ட ஆலோசகர் அமர்ந்த மன்றத்தில் இருந்தே வந்தது. அதன் பிறகும் பிரான்சு அரசாங்கம் அவர் மீது வைத்த நம்பிக்கையைக் குறைக்கவில்லை. மற்ற நாடுகளும் அவரை நடுவராகக் கேட்பதை நிறுத்தவில்லை. 1912-ல் இத்தாலிக்கும் பெரு நாட்டுக்கும் வந்த வழக்கில் அவரே தலைவர். 1913-ல் பிரெஞ்சுக் கப்பல்களை இத்தாலி பிடித்த வழக்குகளிலும் அவர் நடுவர். சொந்த நாடு, வேற்று நாடு என்று பாராமல் தீர்ப்புச் சொல்பவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது.

மறுபக்கமும் உண்டு. சட்ட அறிஞர்கள் பலர் அந்தத் தீர்ப்பைக் குறை கூறினார்கள். தவறாக எடுத்த பொருளைத் திருப்பிக் கொடு என்பது ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கூடத் தெரிந்த நியாயம். அதற்குத் தனியாக விதி வேண்டுமா என்று கேட்டார்கள். காசாபிளாங்காவில் ஆளைத் திருப்பாமல் விட்டதால் போர் நின்றது. மார்சேல்ஸ் விஷயத்திலும் ஆளைத் திருப்பாமல் விட்டதால் இங்கிலாந்தும் பிரான்சும் மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்தன. இரண்டு அரசாங்கங்களுக்கும் திருப்தி. ஆனால் முதல் வழக்கில் ஓடியவர்களும் சரி, இரண்டாம் வழக்கில் நீந்தியவரும் சரி, தங்கள் வழக்கில் தாங்களே இல்லாமல் போனார்கள்.

நான் ரெயில்வே குமாஸ்தா. மேஜைக்கு வரும் காகிதத்தில் எண் இருக்கும், தேதி இருக்கும். அந்தக் காகிதத்துக்கு உரிய ஆள் வெளியே வராந்தாவில் நிற்பதை நாமே பல நாள் மறந்து போகிறோம். விதியில் இடம் இல்லை என்று எழுதி அனுப்புவது நமக்கு ஒரு வரி. அவருக்கு அது என்ன ஆகும் என்று பார்ப்பதில்லை. தண்ணீரில் தத்தளிப்பவனைத் தூக்க வேண்டும் என்று சட்டம் எழுதிய ரெனோ நல்லவர், பெரியவர். அவர் அமர்ந்த மன்றத்துக்கே தண்ணீரில் இருந்து கரை ஏறிய ஒரு மனிதர் கோப்பாகத்தான் தெரிந்தார் என்றால், நம் போன்றவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

போரும் மறைவும்

ரெனோவுக்குக் கடைசிக் காலம் சுகமாக இல்லை. கடல் போர்ச் சட்டத்தைத் தொகுக்க 1908, 1909 ஆண்டுகளில் லண்டனில் மாநாடு கூடியபோது அதன் விளக்க அறிக்கையை அவரே எழுதினார். ஆனால் அந்தப் பிரகடனம் கடைசி வரை அமலுக்கு வரவில்லை. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் படை நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் புகுந்தது. ஆஸ்பத்திரிக் கப்பல்களே கடலில் மூழ்கின. ஹேக் நகரில் வார்த்தை வார்த்தையாகக் கூட்டி எழுதியதெல்லாம் காற்றில் பறப்பதைக் கண்ணால் பார்த்தார்.

ஆனாலும் சட்டம் செத்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. போரில் நடந்த சட்ட மீறல்களைப் பற்றி எழுதினார். போரில் செய்த குற்றத்துக்குக் கிரிமினல் சட்டப்படி தண்டனை கொடுக்கலாமா என்று ஆராய்ந்தார். பிற்காலத்தில் உலகம் இந்த வழியில்தான் போயிற்று.

1918 பிப்ரவரி 6-ந்தேதி வழக்கம் போல் கல்லூரியில் வகுப்பு நடத்தினார். சில நாள் ஓய்வுக்காகப் பார்பிசோன் கிராமத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போனார். அங்கே நோய் கண்டு 8-ந்தேதி காலமானார். வயது 74. போர் முடிய இன்னும் 9 மாதம் இருந்தது.

அவருடைய உதவியாளராக இருந்த வெய்ஸ், 1922-ல் தொடங்கிய சர்வதேச நிரந்தர நீதிமன்றத்தில் நீதிபதியானார். பின்னாளில் அதே சட்ட ஆலோசகர் பதவியில் இருந்த ஜூல் பாதவான், ஜெர்மனிக்குப் பணிந்த அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ல மனம் இல்லாமல் 1941-ல் வேலையை விட்டார். போருக்குப் பிறகு ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குத் தலைவரானார்.

நமக்கு என்ன?

சாவர்க்கர் வழக்கில் இந்தியாவுக்குக் குரல் இல்லை. இன்று இருக்கிறது. 1957-ல் நம் வெளிவிவகார அமைச்சகத்தில் சட்டம், உடன்படிக்கைப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. ரெனோ பாரீசில் செய்த வேலையை அந்தப் பிரிவு டெல்லியில் செய்கிறது. அந்தமான் கடலில் இந்தோனேசியாவோடு 1974-லும், தாய்லாந்தோடு 1978-லும், பர்மாவோடு 1986-லும் எல்லை ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. அந்த ஒப்பந்தங்களில் உள்ள ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒரு சட்ட அதிகாரி சரிபார்த்த எண்தான்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1962-ம் ஆண்டின் நம் நாடு கடத்தல் சட்டப்படி, ஒருவரை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதற்கு முன் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும். அரசியல் குற்றத்துக்காக ஒப்படைக்கக் கூடாது. போலீஸ்காரர் கையைப் பிடித்துக் கப்பலில் ஏற்ற முடியாது. வெளிநாட்டில் தண்டனை பெற்றவர் மீதித் தண்டனையைத் தாய்நாட்டுச் சிறையில் கழிக்க 2003-ல் ஒரு சட்டம் வந்தது. எந்த நாட்டோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அந்த நாட்டில் இருந்து நம் ஆட்களைக் கொண்டு வர இதில் வழி உண்டு.

2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலிக் கப்பலில் இருந்த வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்த வழக்கும் ஹேக் நிரந்தர நடுவர் மன்றத்தின் ஆதரவில்தான் நடந்தது. வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பாயிற்று. 10 கோடி ரூபாய் வந்த பிறகு 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை முடித்தது. பணம் உயிருக்கு ஈடாகாது. ஆனாலும் படகில் போன ஏழை மீனவருக்காக ஹேக் நகரில் இந்தியாவின் பெயரால் எழுந்து பேச ஆள் இருந்தது. 1911-ல் அது இல்லை.

செல்லுலார் ஜெயிலின் 7 சிறகுகளில் இன்று 3 மட்டுமே நிற்கின்றன. மேல் மாடியின் கடைசியில் சாவர்க்கர் இருந்த அறையைக் காட்டுகிறார்கள். அடுத்த முறை ஊரில் இருந்து வருபவர்களுக்கு அந்த அறையைக் காட்டும்போது, ஹேக் நகரில் ஐந்து பெரியவர்கள் பத்து நாள் உட்கார்ந்து எழுதிய தீர்ப்பையும் சொல்லுங்கள். பிறகு வண்டூருக்கு வந்து கடலைப் பாருங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால், பதில் சொல்ல இப்போது நமக்குத் தெரியும்.